'பா' என்பது பெயர், 'ப' என்பது ஒலி

பலகையில் மூன்று அரபி எழுத்துகள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கின்றன: காஃப், தா, பா. மூன்றின் தலையிலும் ஒரு சிறு சாய்கோடு. ஐந்து வயதுப் பிள்ளை மூன்றின் பெயரையும் தடங்கலின்றிச் சொல்லிவிடுகிறது. சேர்த்துப் படி என்றால் திகைத்து நிற்கிறது. அது தெரிந்து வைத்திருக்கும் பெயர்களைக் கூட்டினால் 'காஃப்தாபா' என்றுதான் வரும். பலகையில் இருப்பதோ 'கதப'. 'அவன் எழுதினான்' என்று பொருள். பெயரிலிருந்து ஒலிக்கு வர, காஃபில் 'க'வை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்க வேண்டும், தாவையும் பாவையும் நெடிலிலிருந்து குறிலாகச் சுருக்க வேண்டும், பிறகு மூன்றையும் ஒட்ட வேண்டும். பழகிய வாசகருக்கு இந்த வேலைகள் கண்ணுக்கே தெரிவதில்லை. தொடங்கும் பிள்ளைக்கோ மலையே அங்குதான் இருக்கிறது. அரபி வாசிப்பைக் கற்பிக்கும்போது எழுத்தின் பெயரில் தொடங்குவதைவிட, உயிர்க்குறியோடு கூடிய எழுத்தில், அதாவது 'ப, பி, பு' என்ற அசையில் தொடங்குவதே பிள்ளையின் காதுக்கும் அரபி மொழியின் அமைப்புக்கும் பொருந்தும். ஆனால் அந்த அசையைக் கட்டியாக மனப்பாடம் செய்யவிட்டால் பாதிப் பயன் போய்விடும். அதை உடைத்தும் மாற்றியும் பார்க்கக் கற்றுத்தந்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

முதலில் காதைப் பார்ப்போம். 'ப்' என்ற மெய்யைத் தனியாக ஒலித்துப் பாருங்கள். 'இப்' என்றோ 'ப' என்றோதான் வாயிலிருந்து வரும். இது நம் வாயின் குறை அல்ல, பேச்சொலியின் இயல்பே அப்படி. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். 'டி' என்ற அசையின் பின்பகுதியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் உயிர் நீங்கித் தூய 'ட்' மட்டும் மிஞ்சும் என்றுதானே தோன்றும்? அப்படி மிஞ்சவில்லை. ஒரு கட்டம் வரை 'டி' என்றே கேட்டது. அதற்கும் கீழே வெட்டியபோது பேச்சாகவே கேட்காத, பறவையின் கீச்சொலி போன்ற ஒன்று கேட்டது. நாவும் உதடும் மெய்யை முடித்துவிட்டு உயிரைத் தொடங்குவதில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்கின்றன. ஆகவே ஒலியலையில் மெய்க்கும் உயிருக்கும் நடுவே வெட்டுக்கோடு கிடையாது. வெட்டத் தகுந்த முதல் இடம் அசையின் எல்லைதான். அரபியில் அசைக்கு 'மக்தஃ' என்று பெயர். 'வெட்டு' என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல் அது.

இதே ஆய்வகத்தைச் சேர்ந்த இசபெல் லிபர்மனும் உடனாய்வாளர்களும் 1974இல் வெளியிட்ட ஒரு சோதனை இத்துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது. சொல்லில் எத்தனை அசை உண்டோ அத்தனை முறை மேசையில் தட்டு என்று ஒரு குழுவிடமும், எத்தனை தனியொலி உண்டோ அத்தனை முறை தட்டு என்று இன்னொரு குழுவிடமும் சொன்னார்கள். நான்கு வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேர் அசையைச் சரியாகத் தட்டினார்கள். தனியொலியைத் தட்டியவர் ஒருவரும் இல்லை. ஐந்து வயதில் அசையை 48 விழுக்காட்டினரும் தனியொலியை 17 விழுக்காட்டினரும் பிரித்தனர். ஆறு வயதில், பள்ளியில் ஓராண்டு எழுத்துப் படித்த பிறகு, 90க்கு 70 என்று இடைவெளி குறைந்தது. வயது கூடியதால் வந்த முன்னேற்றமா, எழுத்துப் படித்ததால் வந்ததா? 1979இல் ஜோசே மொரைசும் உடனாய்வாளர்களும் போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு அதற்கு விடை சொன்னது. சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல் என்றால் அவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. அசையுணர்வு பேச்சோடு தானே வளர்ந்து பள்ளிக்கு வரும்போதே பிள்ளையிடம் இருக்கிறது. தனியொலி உணர்வு எழுத்தைக் கற்கும்போது உண்டாக்கப்படுவது. இல்லாத ஒன்றில் பாடத்தைத் தொடங்குவதைவிட, பிள்ளை கொண்டுவந்திருக்கும் ஒன்றில் தொடங்குவதுதானே முறை?

எல்லா மொழிக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. ஆங்கிலத்தில் அசைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரே அசையின் முன்னும் பின்னும் இரண்டு மூன்று மெய்கள் நெருக்கியடித்து நிற்கும். அசை அசையாகக் கற்பிக்க முனைந்தால் முடிவே இருக்காது. அரபியின் நிலை வேறு. செவ்வரபியில் அசை எப்போதும் ஒரு மெய்யில் தொடங்கும், ஒரே ஒரு மெய்யில் தொடங்கும். நம் கண்ணுக்கு 'அ' என்று உயிரில் தொடங்குவதாகத் தோன்றும் அசையும் 'ஹம்ஸா' என்ற தொண்டைத் தடையொலியில்தான் தொடங்குகிறது. அந்த மெய்யைத் தொடர்ந்து குறில் வரலாம், நெடில் வரலாம், குறிலோடு ஓர் ஒற்று வரலாம். நிறுத்தி முடிக்கும் இடத்தில் நெடிலோடு ஒற்றும், அருகி இரண்டு ஒற்றும் வரும். யாப்பு படித்த தமிழருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. குறில் தனித்தும், குறில் ஒற்றடுத்தும், நெடில் தனித்தும், நெடில் ஒற்றடுத்தும் வரும் நம் நேரசையின் நான்கு வடிவங்களும் அப்படியே அரபியின் முதன்மையான அசை வடிவங்கள். எழுத்து 28, குறில் 3. பெருக்கினால் 84 குறில் அசைகள். நெடிலையும் சேர்த்தால் 168. நம் உயிர்மெய் 216ஐவிடக் குறைவு. ஒற்றில் முடியும் அசைகளைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. 'மி' தெரிந்து, ஒற்றுக்குறியிட்ட 'ன்' தெரிந்தால் 'மின்' தானாக வரும்.

அரபி இலக்கணத்தின் சொற்களே இந்த உண்மையைச் சுமந்து நிற்கின்றன. உயிர்க்குறிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹரகத்', அசைவு. உயிரில்லாத மெய்யின் மேல் இடும் சிறு வட்டம் 'சுகூன்', ஓய்வு. உயிர் ஏறிய எழுத்து அசைகிறது, ஏறாதது நிற்கிறது. நிற்கும் எழுத்தைக் கொண்டு பேச்சைத் தொடங்க முடியாது. மெய்யை உடம்பாகவும் உயிரை அதை இயக்குவதாகவும் கண்ட நம் இலக்கணிகளின் பார்வைக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது! மூன்று உயிர்க்குறிகளின் பெயர்களோ வாயின் செயலைச் சொல்கின்றன. ஃபத்ஹா என்றால் திறப்பு, கஸ்ரா என்றால் முறிப்பு, ளம்மா என்றால் சேர்ப்பு. வாய் திறந்தால் 'அ', தாடை தாழ்ந்தால் 'இ', உதடு குவிந்தால் 'உ'. பஸ்ராவில் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலி என்ற அறிஞர் தம் வாயைப் பார்த்துப் புள்ளியிடும்படி எழுத்தரிடம் சொன்னார் என்பது மரபுவழிச் செய்தி. வாய் திறந்தால் எழுத்தின் மேலே, தாழ்ந்தால் கீழே, குவிந்தால் பக்கத்தில். அந்தப் புள்ளிகள் வேறு நிற மையில் இடப்பட்டன. இன்று நாம் காணும் குறிகளுக்கு 8ஆம் நூற்றாண்டில் வடிவம் தந்தவராகக் கருதப்படுபவர் கலீல் இப்னு அஹ்மத். அரபி யாப்பை வகுத்தவரும் அவரே. அசையும் எழுத்து, நிற்கும் எழுத்து என்ற இரண்டை வைத்தே அவர் தம் யாப்பைக் கட்டினார். வாசிப்பின் அலகு எது என்பதை அந்தக் காதுகள் எப்போதோ கண்டுகொண்டன.

அப்படியிருக்க, பாடம் ஏன் பெயரில் தொடங்கியது? பக்தாதி காயிதா என்ற பழைய தொடக்க நூலின் வழி, எழுத்தின் பெயர், குறியின் பெயர், பிறகு ஒலி என்று கூட்டிச் சொல்வது. குறிகளின் பாரசீகப் பெயர்களோடு அது தெற்காசியாவில் பரவியது. 'அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ' என்ற இராகம் தமிழ் முஸ்லிம்கள் பலருக்குக் காதிலேயே இருக்கும். இந்த வழியில் 'கதப' என்று படிக்க ஒரு பிள்ளை சொல்ல வேண்டியதைப் பாருங்கள்: காஃப் ஜபர் க, தா ஜபர் த, கத, பா ஜபர் ப, கதப. மூன்று அசைச் சொல்லுக்குப் பதினொரு கூறுகள். ஐந்து வயதுப் பிள்ளையின் உடனடி நினைவு சில கூறுகளுக்கு மேல் தாங்காது. பதினொன்றாவதுக்கு வரும்போது முதலாவது நழுவிவிடும். சொல் நீள நீள இந்தச் சுமையும் ஏறும். நூரானி காயிதா என்ற மற்றொரு தொடக்க நூல் பக்தாதியைவிடச் சீராக அடுக்கப்பட்டது. ஆனால் அதிலும் முதல் பாடம் தனி எழுத்துகளின் பெயர், இரண்டாவது கூட்டெழுத்துகளை உடைத்துப் பெயர் சொல்லுதல், மூன்றாவது குர்ஆனில் பெயராகவே ஓதப்படும் எழுத்துகள். உயிர்க்குறி நான்காம் பாடத்தில்தான் வருகிறது. மூன்று பாடங்கள் வரை பிள்ளை அரபி எழுத்தைப் பார்க்கிறது, பெயர் சொல்கிறது, ஆனால் வாசிப்பு என்ற செயலை ஒருமுறைகூடச் செய்வதில்லை.

இந்த முறையை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அச்சிட்ட நூல் கைக்குக் கிடைக்காத காலத்தில், ஒரே பலகையைச் சுற்றி ஐம்பது பிள்ளைகள் அமர்ந்து ஓதிய இடங்களில், கூட்டிச் சொல்லும் இராகம்தான் எழுத்தையும் குறியையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டிக்காத்தது. தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கானோர் அதில் படித்து வந்தார்கள். ஆனால் அதில் கரையேறியவர்களை மட்டும் எண்ணினால் போதாது. பாதியில் நின்றவர்களையும் எண்ண வேண்டும்.

அப்படி எண்ணிப் பார்த்தவர்கள் இந்தோனேசியாவில் இருந்தார்கள். அங்கும் பக்தாதி முறைதான் ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது. ஜாவாவின் செமாராங் நகரில் தக்லான் சலீம் ஸர்கசி என்பவர் கூட்டிச் சொல்வதை விட்டு நேரே வாசிக்கவைக்கும் 'கிராஅத்தி' என்ற முறையை வகுத்தார். அந்த வழியைத் தொடர்ந்து, 1980களின் இறுதியில் யோக்யகர்த்தாவின் அஸ்அத் ஹுமாம் 'இக்ரா' என்ற ஆறு சிறு நூல்களைத் தந்தார். 'ஓதுக' என்று பொருள்படும் அந்தச் சொல்லை இந்தோனேசியர் 'இக்ரோ' என்பர். அதன் முதல் பக்கத்தைப் பார்த்தாலே சிந்தனை புரிந்துவிடும். அலிஃபும் பாவும், தலையில் ஃபத்ஹாவோடு. 'அ, ப' என்று நேரே படிக்க வேண்டும். அடுத்த வரியில் அதே இரண்டு எழுத்துகள் இடம் மாறி நிற்கும்: 'ப, அ'. மீண்டும் மாறும்: 'அ, ப, ப', 'ப, அ, ப'. எழுத்தின் பெயரும் இல்லை, குறியின் பெயரும் இல்லை. முதல் நூல் முழுவதும் ஒரே உயிர், எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியே. எழுத்துகள் ஒட்டும்போது மாறும் வடிவங்கள் இரண்டாம் நூலில் வருகின்றன, 'இ'யும் 'உ'வும் மூன்றாம் நூலில். ஆசிரியர் முதலில் சொல்ல, பிள்ளை பின்னால் சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. ஒரே ஒருமுறை எடுத்துக்காட்டிவிட்டு, மிச்சத்தைப் பிள்ளையே படிக்கவிட வேண்டும். முறை நாடெங்கும் பரவியது, மலேசியாவுக்கும் போனது. 'அ' என்ற ஒரே உயிரை வைத்துக்கொண்டு எழுத்துகளை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் ஓர் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. மாறாதது எது, மாறுவது எது என்று பிள்ளையின் கண்ணும் காதும் தாமே பிரிக்கத் தொடங்கும்.

ஒட்டெழுத்தைத் தள்ளிவைத்ததும் சரியான முடிவே. பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் நடுவில் ஒரே பல் போன்ற மேட்டில்தான் அமர்கின்றன. மேலே ஒரு புள்ளியா, இரண்டா, மூன்றா, கீழே ஒன்றா, இரண்டா என்பதே வேறுபாடு. ஆறு எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டாது, மற்றவை ஒட்டும், இடத்துக்கு இடம் உருமாறும். ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ரஃபீக் இப்ராஹீமும் ஸோஹர் எவியதாரும் உடனாய்வாளர்களோடு 2002இல் வெளியிட்ட ஆய்வில், அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே அரபி எழுத்தைக் கண்டறிய ஹீப்ரு எழுத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. கண்ணுக்கு இவ்வளவு வேலை வைக்கும் எழுத்துமுறையில் வாயின் வேலையையாவது எளிதாக்கித் தர வேண்டும்.

அசையின் பக்கம் நிற்கும் வலுவான சான்று அரபிப் பிள்ளைகளிடமிருந்தே கிடைத்திருக்கிறது. 'பத்' என்ற அசையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் பேசும் பிள்ளை இதை 'ப்' என்றும் 'அத்' என்றும் பிரிக்கச் சாயும். எலினோர் சைக் ஹத்தாத் 2003லும் 2007லும் வெளியிட்ட ஆய்வுகளில் அரபி பேசும் சிறுவர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். கடைசி ஒலியான 'த்'தை எளிதில் பிரித்தார்கள். முதல் ஒலியான 'ப்'பைப் பிரிக்கத் திணறினார்கள். 'ப' என்பது அவர்கள் காதில் உடையாத ஒரே கட்டி. ஹீப்ரு பேசுவோரிடமும் இதே சாய்வை டேவிட் ஷேர் உள்ளிட்டோர் கண்டிருக்கிறார்கள். அரபி எழுத்து உயிர்க்குறியை மெய்யின் தலையிலோ காலடியிலோ வைக்கிறதே தவிர, ஆங்கிலம்போல் பக்கத்தில் தனி எழுத்தாக வைப்பதில்லை. எழுத்தும் காதும் ஒரே அலகைக் காட்டும்போது பாடமும் அந்த அலகைக் காட்டினால் என்ன?

இங்கே ஒரு கனமான மறுப்பு எழும். தனியொலிகளை எழுத்தோடு இணைத்துக் கற்பிக்கும் முறைதான் சிறந்தது என்று பல பத்தாண்டு ஆய்வுகள் சொல்கின்றனவே, 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் அதைத்தானே சொன்னது? உண்மை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1970களில் லைலா கிளைட்மனும் பால் ரோசினும் ஆங்கிலத்தையே அசைக்குறிகளால் கற்பித்துப் பார்த்தார்கள். படிக்கத் திணறிய பிள்ளைகளும் அசைக்குறிகளை விரைவில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கிருந்து தனியொலிக்கு அவர்கள் தாமாகத் தாவவில்லை. அசை தெரிந்தால் போதும், மற்றது தானே வரும் என்ற நம்பிக்கையை இந்த முடிவு தகர்க்கிறது. நான் இதை மறுக்கவில்லை. என் வாதத்தின் இரண்டாம் பாதியே இதுதான். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. அசையுணர்வு முன்னே ஓடுகிறது, தனியொலி உணர்வு மெதுவாகப் பின்தொடர்கிறது. ஆனால் அசையைப் பாலமாகப் பயன்படுத்தினால் நிலை மாறுகிறது. 2020இல் மரி வஸோவும் உடனாய்வாளர்களும் பிரான்சில் வாசிக்கத் தெரியாத சிறுவர்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு எழுத்துக்கூட்டத்தை அசையோடும் மறு குழுவுக்கு எழுத்தைத் தனியொலியோடும் இணைத்துக் கற்பித்தார்கள். தனியொலியைப் பிரித்தறியும் திறன் அசை வழியில் கற்றவர்களிடமே கூடுதலாக வளர்ந்தது. முரணாகத் தோன்றினாலும் காரணம் எளிது. 'ப, பி, பு' மூன்றையும் அருகருகே வைத்தால் உதடு ஒட்டுவது மூன்றிலும் ஒன்றே என்பது காதில் விழும். 'ப, த, ன' மூன்றையும் வைத்தால் பின்னே நீளும் 'அ' ஒன்றே என்பது விழும். இந்த ஒப்பீட்டிலிருந்துதான் 'ப்' என்ற அருவம் பிள்ளையின் மனத்தில் பிறக்கிறது. ஒலியலையில் இல்லாத ஒன்றைத் தனியாக ஒலித்துக் காட்டி அதைப் பிறப்பிக்க முடியாது.

ஆகவே அசைப் பாடத்தின் தரம் அதன் வரிசையில் இல்லை, வரிசையைக் கலைப்பதில் இருக்கிறது. 'ப பி பு, த தி து' என்று இராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளை படிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கலாம், கண் வேறெங்கோ இருக்கலாம். நடுவில் இருக்கும் 'தி'யைத் தொட்டுக் கேளுங்கள். 'து'வின் குறியை அழித்துவிட்டுக் கீழே ஒரு கோடிட்டு இப்போது என்ன என்று கேளுங்கள். பொருளே இல்லாத 'புதி', 'நபு' போன்ற சேர்க்கைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அறியாத சேர்க்கையைப் படித்துவிட்டால் பிள்ளைக்கு எழுத்தின் இயந்திரம் கைவந்துவிட்டது என்று பொருள். குறிலும் நெடிலும் அப்படித்தான். 'ஜமல்' என்றால் ஒட்டகம், 'ஜமால்' என்றால் அழகு. கல்லுக்கும் காலுக்கும் வேறுபாடு அறிந்த பிள்ளைக்கு இந்த ஓர் இணையே நெடிலின் தேவையை உணர்த்திவிடும்.

எழுத்தின் பெயரே வேண்டாமா என்றால், வேண்டும். குர்ஆனின் 29 அத்தியாயங்கள் 'அலிஃப் லாம் மீம்' போன்று பெயர்களாகவே ஓதப்படும் எழுத்துகளில் தொடங்குகின்றன. அகராதி பார்க்கவும், எழுத்துப் பிழையைச் சொல்லவும் பெயர் தேவை. அரபிப் பெயர்களின் முதல் ஒலியே அந்த எழுத்தின் ஒலி, ஆகவே பெயரே ஒலிக்கு வழிகாட்டும் என்று வாதிடுவோரும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'ஜீம்' என்ற பெயரில் பிள்ளையின் காது பிடிப்பது 'ஜ்' அல்ல, 'ஜீ' என்ற கட்டி. அதைக் கொண்டு 'ஜமல்' படிக்கப் போனால் 'ஜீமல்' என்றுதான் வரும். ஒலி பழகிய பிறகு பெயரைச் சொன்னால் இந்த இடறல் இல்லை. மனிதரோடு பழகிவிட்டுப் பெயர் கேட்பது போன்றது அது.

அரபு நாடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை வீட்டில் பேசுவது வட்டார அரபி, பள்ளியில் படிப்பது செவ்வரபி. பாலஸ்தீன அரபி பேசும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் சொற்களஞ்சியத்தில் செவ்வரபியோடு முற்றிலும் ஒன்றியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்று சைக் ஹத்தாத் கணக்கிட்டிருக்கிறார். அசையின் வடிவமே மாறுகிறது. நூலைக் குறிக்கும் 'கிதாப்' மொராக்கோ வீடுகளில் முதல் உயிரை இழந்து 'க்தாப்' ஆகிறது. 'ஸலாஸா' என்ற மூன்று கெய்ரோவில் 'தலாதா' ஆகிறது. முழுச் சொல்லையும் படமாகப் பார்த்து மனத்தில் பதிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் அரபுப் பள்ளிகள் பலவற்றில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆனால் பிள்ளை தன் வாய்ச்சொல்லாக அறியாத சொல்லை எப்படிப் படத்தைப் பார்த்து ஊகிக்கும்? 'கி' என்ற அசையைத் தெளிவாகப் படிக்கத் தெரிந்த மொராக்கோப் பிள்ளைக்கே, தன் வீட்டுச் சொல்லில் காணாமல்போன உயிர் தாளில் இருப்பது தெரியும். மொராக்கோ அண்மை ஆண்டுகளில் தன் தொடக்க வகுப்புகளுக்கு அசைவழி வாசிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. எகிப்து 2009இல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துப் பார்த்த பிறகு, ஒலிவழிப் பயிற்சியை அன்றாடப் பாடத்தில் சேர்த்தது.

தேவை எவ்வளவு பெரியது என்பதை எண்கள் சொல்லும். நான்காம் வகுப்பினரின் வாசிப்பை உலகளவில் அளக்கும் பிர்ல்ஸ் தேர்வில் நடுப்புள்ளி 500. 2016இல் எகிப்து பெற்றது 330, மொராக்கோ 358. 2021இல் எகிப்து 378க்கும் மொராக்கோ 372க்கும் உயர்ந்தன. இந்த உயர்வுக்கு அசைவழியே காரணம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஆசிரியர் பயிற்சி, நூல்கள், வீட்டுச் சூழல் என்று எத்தனையோ இதில் கலந்திருக்கின்றன. எழுத்தை ஒலியாக்குவது வாசிப்பின் ஒரு பாதி மட்டுமே. 1986இல் ஃபிலிப் காஃபும் வில்லியம் டன்மரும் சொன்னதுபோல, வாசிப்பு என்பது ஒலியாக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கினால் வரும் விடை. ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இந்தோனேசியப் பிள்ளை இக்ரா நூல்களால் பிழையின்றி ஓதக் கற்றது, ஆனால் அரபி மொழியைக் கற்றுவிடவில்லை. அது அந்த நூல்களின் குற்றமும் அல்ல. மொழியறிவு என்ற மறு பாதியை வேறு பாடங்களால் நிரப்ப வேண்டும்.

கடைசியாக, வளர்ந்தவர்கள் படிக்கும் அரபியில் உயிர்க்குறியே இருப்பதில்லையே, இல்லாமல் போகப்போகும் ஒன்றில் பிள்ளையை ஏன் பழக்க வேண்டும் என்ற கேள்வி. செய்தித்தாளிலும் நாவலிலும் காஃப், தா, பா மூன்றும் வெறுமையாகவே நிற்கும். 'கதப' என்றால் எழுதினான், 'குதிப' என்றால் எழுதப்பட்டது, 'குதுப்' என்றால் நூல்கள். எது என்பதைச் சொற்றொடர்தான் தீர்க்கும். ஆனால் அப்படித் தீர்க்க அந்த மூன்று சொற்களும் முன்பே முழு ஒலியோடு நினைவில் இருக்க வேண்டும். ஒரு சொல்லைப் பிள்ளை சொந்தமாகச் சில முறை ஒலித்துப் படித்தாலே அதன் எழுத்துருவம் மனத்தில் படிந்துவிடுகிறது என்பது டேவிட் ஷேர் 1995இல் விரித்துரைத்த கருத்து. உயிர்க்குறி அந்தப் பதிவுக்கான சாரம். கட்டடம் எழுந்த பிறகு அதைப் பிரிக்கலாம். எழும் முன்பே பிரித்தால் சுவர் நிற்காது.

இந்த உண்மையைத் தமிழ் முஸ்லிம்களின் முன்னோர் தம் கையாலேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களில் உயிர்க்குறிகளை இட்டே எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்துகளும் ஆக்கினார்கள். இன்றோ தமிழகத்திலும் இலங்கையிலும் மக்தப் என்ற ஓதும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. பகலில் பள்ளியில் 'க, கா, கி, கீ' படித்த பிள்ளை அது. மெய்யின் மேல் உயிர் ஏறும் என்பது அதற்குப் பழகிய செய்தி. மாலையில் அதே பிள்ளையை 'பா ஜபர் ப' என்று தொடங்கவைக்கிறோம், அல்லது அரபி வரிக்குக் கீழே தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தமிழ் 'த' ஒன்றை வைத்து அரபியின் தாவையும் கனத்த தாவையும் தாலையும் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும், பிள்ளையின் கண் அரபி வரிக்கு ஏறவே ஏறாது. ஆகவே உஸ்தாதுமார்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். முதல் நாளே தலையில் ஃபத்ஹா இட்ட இரண்டு எழுத்துகளை மட்டும் எழுதுங்கள், பெயர் சொல்லாமல் 'அ, ப' என்று ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிறகு இடம் மாற்றி எழுதிவிட்டு, பிள்ளை வாய் திறக்கும் வரை காத்திருங்கள்.